பிறந்த ஊரும் பிழைக்கும் ஊரும்

ஒரு மனிதனுக்கு எத்தனை ஊர்?

பிறந்த ஊர் ஒன்று. பிழைக்கும் ஊர் ஒன்று. இரண்டும் ஒன்றாக இருந்தால் கவலை இல்லை. வேறு வேறாக இருந்தால்தான் மனம் கிடந்து அடித்துக் கொள்கிறது.

விளாத்திகுளம் வட்டாரத்தில் இந்தத் தவிப்பு பல வீடுகளில் உண்டு.

இது கரிசல் காடு. மழை பெய்தால் பருத்தி, மிளகாய், கம்பு. மழை பொய்த்தால் வேலி மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவார்கள். கிழக்கே போனால் வேம்பார், வைப்பாறு. முன்பு முத்துக் குளித்த கரை. தூத்துக்குடியில் 1961ம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்று விட்டது. இப்போது மீன்பிடிப்பும், பனந்தொழிலும், உப்பளமும்தான்.

இந்த மண் எல்லோருக்கும் சோறு போடவில்லை. ஆகவே பிள்ளைகள் வெளியே போகிறார்கள். பாட்டன் காலத்தில் கொழும்புக்குத் தோணி ஏறினார்கள். பேரன் காலத்தில் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் விமானம் ஏறுகிறார்கள்.

இங்கே தாய் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, "எய்யா, சாப்பிட்டியா? எப்பய்யா வாரே?" என்று கேட்கிறாள். அவள் மனதுக்குள் இன்னொரு கேள்வி. "பிள்ளை நம்மை மறந்து விடுவானோ?"

அங்கே மகனுக்கும் ஒரு கேள்வி. "இந்த ஊரில் எத்தனை வருடம் இருந்தாலும் நான் அன்னியன்தானா?"

இரண்டு கேள்விகளுக்கும் விடை தேட வெகு தூரம் போக வேண்டாம். நம் பிள்ளைகள் வெளிநாடு போகும் முன்பே, வெளிநாட்டுப் பிள்ளைகள் நம் ஊருக்கு வந்தார்கள். பிழைக்க வந்தார்கள், போதிக்க வந்தார்கள், ஆள வந்தார்கள். அவர்களில் ஸ்காட்லாந்துக்காரர்கள் பலர்.

அவர்கள் பிறந்த ஊரை மறந்தார்களா? வந்த ஊரோடு ஒட்டினார்களா? பார்ப்போம்.

ஸ்காட்லாந்து எங்கே இருக்கிறது?

இங்கிலாந்துக்கு வடக்கே இருக்கிறது ஸ்காட்லாந்து. மலையும் பனியும் நிறைந்த நாடு. அங்கே நெல் விளையாது. ஓட்ஸ் என்ற தானியம் விளையும். அதைக் காய்ச்சிக் குடிப்பார்கள். நம் கரிசல்காட்டுக் கம்பங்கூழ் போல, அது ஏழைகளின் உணவாக இருந்தது.

விழா நாளில் ஆண்கள் கட்டம் போட்ட கம்பளித் துணியை இடுப்பில் சுற்றிக் கொள்வார்கள். முழங்கால் வரை இருக்கும். அதற்கு 'கில்ட்' என்று பெயர். நம் ஊர்க் கைலியை மடித்துக் கட்டியது போல என்று வைத்துக் கொள்ளுங்களேன்! கல்யாணத்துக்கும் அதைக் கட்டிக்கொண்டு போவார்கள். அது அவர்களுக்குப் பெருமை.

ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரல் ஆகியவற்றைப் பொடியாக நறுக்கி, ஓட்சும் வெங்காயமும் சேர்த்து, ஆட்டு இரைப்பைக்குள் அடைத்து வேக வைப்பார்கள். 'ஹாகிஸ்' என்று சொல்வார்கள். ராபர்ட் பர்ன்ஸ் என்ற தங்கள் நாட்டுக் கவிஞர் பிறந்த ஜனவரி 25ந் தேதி, அவர்கள் உலகின் எந்த மூலையில் இருந்தாலும் கூடி உட்கார்ந்து அதைச் சாப்பிடுவார்கள். கவிஞர் பிறந்த நாளுக்கு ஒரு விருந்து! எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு இது நல்ல செய்தி அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர்களுக்கு மிகவும் புனிதம். அன்று வேலை கூடாது, ஆலயம் போக வேண்டும், ஓய்வு எடுக்க வேண்டும் என்பதில் கடுமையாக இருந்தார்கள். அந்த நாட்டின் லூயிஸ் தீவில் 2009ம் ஆண்டுதான் ஞாயிற்றுக்கிழமையில் பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்!

இன்னும் ஒரு வழக்கம் உண்டு. அதுதான் நமக்கு மிகவும் பிடித்தது. அதைக் கடைசியில் சொல்கிறோம்.

நடந்தே வந்த பாதிரியார்

1838ம் ஆண்டு சென்னைத் துறைமுகத்தில் ஓர் இளைஞர் வந்து இறங்கினார். வயது 23. பெயர் ராபர்ட் கால்டுவெல். ஸ்காட்லாந்துப் பெற்றோருக்கு 1814ல் அயர்லாந்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே ஸ்காட்லாந்துக்குத் திரும்பி, கிளாஸ்கோ நகரில் வளர்ந்தார். அந்த ஊர்ப் பல்கலைக் கழகத்தில் பட்டம் பெற்றார்.

கிறிஸ்தவ மதத்தைப் போதிக்க வந்தவர் அவர். முதலில் தமிழ் படித்தார். பிறகு 1841ல் தென்பாண்டிச் சீமைக்குப் புறப்பட்டார். எப்படி வந்தார் தெரியுமா? நடந்து! நாட்டையும் மக்களையும் அறிந்து கொள்ள நடப்பதே வழி என்று அவர் நினைத்தார். சோழநாடு பார்த்து, நீலகிரி ஏறி இறங்கி, மதுரை வழியாக நடந்தே திருநெல்வேலிச் சீமைக்கு வந்து சேர்ந்தார்.

அவர் தங்கிய ஊர் இடையன்குடி. திசையன்விளைக்குப் பக்கத்தில் உள்ளது. பனை மரமும், செம்மணல் தேரியும், சுடு காற்றும் உள்ள ஊர். பனி நாட்டில் வளர்ந்த உடம்புக்கு அந்த வெயில் எப்படி இருந்திருக்கும்! ஆனால் அவர் ஓடிப் போகவில்லை. தெருக்களை நேராக்கினார். கிணறு வெட்டினார். மரம் நட்டார். பள்ளி வைத்தார். பிற்காலத்தில் தூத்துக்குடியிலும் வாழ்ந்தார். 1883ல் சாயர்புரத்தில் இருந்த கல்லூரியைத் தூத்துக்குடிக்குக் கொண்டு வந்தார். அவர் பெயரில் தூத்துக்குடியில் பள்ளி இருக்கிறது.

தன் ஊரை அவர் மறந்தாரா? இல்லை. இடையன்குடி ஆலயத்தைப் போய்ப் பாருங்கள். வானத்தைக் காட்டும் கூர் வளைவுகள், உயர்ந்த சன்னல்கள்... எல்லாம் சீமைக் கட்டடக் கலை. 1847ல் தொடங்கி, 1880ல்தான் கட்டி முடித்துத் திறந்தார். 33 ஆண்டுகள்! பனங்காட்டின் நடுவே தன் நாட்டு ஆலயம் ஒன்றை எழுப்பினார். கட்டியது நம் கொத்தனார்கள். கும்பிட்டது நம் மக்கள்.

கிளாஸ்கோவில் படித்த படிப்பையும் அவர் பெட்டிக்குள் பூட்டி வைக்கவில்லை. கிரேக்கம், லத்தீன் போன்ற மொழிகளை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் படிக்கும் முறையை அங்கே கற்றிருந்தார். அந்த முறையைத் தமிழின் மீது திருப்பினார். 1856ல் லண்டனில் அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு ஆகியவை ஒரே குடும்பம். அவை சமஸ்கிருதத்தில் இருந்து பிறந்தவை அல்ல என்று சான்றுகளோடு எழுதினார். எல்லிஸ் துரை 1816லேயே இதைச் சொல்லி இருந்தார். ஆனால் உலகம் கேட்கும்படி விரித்துச் சொன்னவர் கால்டுவெல். 1968ல் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்தது இதற்காகத்தான்.

பின்னிய கை

கால்டுவெல்லின் மனைவி பெயர் எலைசா. நாகர்கோவிலில் ஊழியம் செய்த மால்ட் பாதிரியாரின் மகள். சிறு வயது முதல் தமிழ் பேசியவர்.

எலைசா அம்மையாரின் தாயார் நாகர்கோவிலில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். 'ரேந்தை' என்று நம்மவர்கள் சொல்வார்களே, அதுதான். அது சீமைப் பெண்களின் கைவேலை. அந்த வேலையை எலைசா இடையன்குடிக்குக் கொண்டு வந்தார். பனங்காட்டு ஊர்ப் பெண்களின் கையில் நூலையும் ஊசியையும் கொடுத்தார். பெண்கள் பின்னினார்கள், கூலி வாங்கினார்கள், சொந்தக் காசு பார்த்தார்கள்.

ஓர் அம்மாள் தன் வீட்டுப் பழக்கத்தைத் தன் மகளுக்கு மட்டும் சொல்லிக் கொடுத்திருந்தால், அது அந்த வீட்டோடு போயிருக்கும். அடுத்த வீட்டுக்குச் சொல்லிக் கொடுத்ததால் அது பல வீடுகளின் பிழைப்பு ஆயிற்று.

வீட்டுக்கு எழுதிய புத்தகம்

கால்டுவெல்லைப் புகழ்ந்து மட்டும் பேசினால் போதாது. ஒரு தவறையும் சொல்லத்தான் வேண்டும்.

1849ல் அவர் ஒரு சிறு நூல் எழுதினார். தாம் யார் நடுவில் வாழ்ந்தாரோ, அந்தச் சமூகத்தாரைப் பற்றிய நூல். சீமையில் உள்ளவர்களுக்காக ஆங்கிலத்தில் எழுதினார். இந்த மக்கள் இதைப் படிக்கப் போகிறார்களா என்று எண்ணினாரோ, என்னவோ! அவர்களைத் தாழ்வாகக் காட்டும் சொற்கள் அதில் இருந்தன.

காலம் சும்மா இருக்கவில்லை. அவர்களின் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். ஆங்கிலம் படித்தார்கள். அந்தப் புத்தகத்தையும் படித்தார்கள். கொதித்து எழுந்தார்கள். மறுப்புகள் எழுதினார்கள். பின்னர் அந்த நூலைப் புழக்கத்தில் இருந்து கால்டுவெல் விலக்கினார்.

நம் பிள்ளைகளுக்கு இதில் பாடம் இருக்கிறது. போன ஊரைப் பற்றி நம் ஊருக்குச் சொல்லும்போது, "இங்கே உள்ளவர்கள் ஒழுங்கில்லாதவர்கள், சோம்பேறிகள்" என்று எளிதாகச் சொல்லி விடுகிறோம். தமிழில் சொன்னால் அவர்களுக்குத் தெரியாது என்ற எண்ணம். பக்கத்து வீட்டுக்காரர் அதைக் கேட்டால் என்ன நினைப்பார்? அவர் காதுபடச் சொல்ல முடியாததை அவர் முதுகுக்குப் பின்னாலும் சொல்லக் கூடாது.

கால்டுவெல் 1891ல் கொடைக்கானலில் காலமானார். 53 ஆண்டுகளில் தாய்நாடு போய் வந்தது சில முறைதான். அவர் உடலைக் கிளாஸ்கோவுக்குக் கொண்டு போகவில்லை. இடையன்குடியில், அவர் கட்டிய ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். பிழைக்க வந்த ஊர் அவருக்குச் சொந்த ஊராகி விட்டது.

ஞாயிற்றுக்கிழமை யாருக்கு?

இன்னொரு கதையும் இருக்கிறது.

ஆண்ட்ரூ ஹார்வி, பிராங்க் ஹார்வி என்று இரண்டு சகோதரர்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள். 1880களில் தூத்துக்குடிக்கு வந்தார்கள். நம் கரிசல் பருத்தியின் மீது அவர்கள் கண் விழுந்தது. பாபநாசத்தில் ஆலை கட்டினார்கள். தூத்துக்குடியில் கோரல் மில் கட்டினார்கள். மதுரையில் பெரிய ஆலை கட்டினார்கள். விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டிப் பக்கத்துப் பஞ்சுக்குச் சந்தை கிடைத்தது. ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை கிடைத்தது. அதை மறைக்கக் கூடாது. 1974ல் அந்த மதுரை ஆலை, ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊரில் தோன்றிய கோட்ஸ் நூல் கம்பெனியோடு இணைந்து 'மதுரா கோட்ஸ்' ஆயிற்று. தையல் எந்திரத்தில் நம் வீட்டுப் பெண்கள் கோத்த நூலில் விளாத்திகுளத்துப் பஞ்சும் இருந்திருக்கும். ஸ்காட்லாந்துப் பெயரும் இருந்தது.

ஆனால் கோரல் மில்லில் வேலை செய்தவர்கள் நிலை என்ன? நீண்ட நேர வேலை. குறைந்த கூலி. அடி உதை. வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை கூடக் கிடையாது.

1908 பிப்ரவரி 27ந் தேதி தொழிலாளர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளையும், சுப்பிரமணிய சிவாவும் பக்கத்தில் நின்றார்கள். ஊர் திரண்டது. ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது. வேலை நேரம் குறைந்தது.

இன்னொன்றும் கிடைத்தது. என்ன தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை விடுமுறை!

நினைத்துப் பாருங்கள். எந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை மிகவும் புனிதமோ, அந்த நாட்டுக்காரர்களின் ஆலையில், தொழிலாளிக்கு அந்த ஒரு நாளைப் பெற வேலை நிறுத்தம் தேவைப்பட்டது. தன் ஊரில் "ஓய்வு நாள் எல்லோருக்கும் வேண்டும்" என்பது தர்மம். கடல் கடந்து வந்ததும் அந்த "எல்லோருக்கும்" சுருங்கி விட்டது!

இதுதான் விஷயம்.

இடையன்குடியில் ஸ்காட்லாந்துப் படிப்பும், சீமைக் கைவேலையும் வீட்டுக்கு வெளியே வந்தன. ஊருக்குப் பயன்பட்டன. கோரல் மில்லில் ஸ்காட்லாந்தின் ஞாயிற்றுக்கிழமை மதில் சுவரைத் தாண்டி வரவில்லை. தொழிலாளிகள்தான் போய்ப் பறித்து வர வேண்டியது ஆயிற்று.

பிறந்த ஊரின் பழக்கத்தைக் காப்பது பெரிது அல்ல. அதை யாரோடு பங்கு போட்டுக் கொள்கிறோம் என்பதுதான் பெரிது.

கூடிக் கொள்வது தவறா?

"அப்படியானால், வெளிநாட்டில் நம்மவர்கள் தனியாகச் சங்கம் வைப்பது தவறா?" என்று கேட்கலாம்.

தவறே இல்லை. சென்னை எழும்பூரில் ஆண்ட்ரூஸ் தேவாலயம் இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்கள் முறைப்படி வழிபட 1821ல் திறந்தது. மொழி தெரியாத ஊரில், தன் ஊர்ப் பாட்டைக் கேட்கும் இடம் வேண்டும். இல்லாவிட்டால் மனிதன் மனம் ஒடிந்து விடும். சிங்கப்பூரில் நம் மக்கள் மாரியம்மனுக்குக் கோவில் கட்டியதும் இதற்காகத்தான்.

கூடுவது தவறு இல்லை. கதவைத் தாழிட்டுக் கொள்வதுதான் தவறு.

வெளியூரில் இருக்கும் தம்பிகளே, தங்கைகளே! வீட்டுக்குள் தமிழ் பேசுங்கள். குழந்தைக்கு "ஆச்சி, தாத்தா" என்று கூப்பிடச் சொல்லிக் கொடுங்கள். கம்பங்கூழின் ருசி அந்தக் குழந்தைக்குத் தெரிய வேண்டும். அதே சமயம் அந்த ஊர் மொழியைப் படியுங்கள். பொங்கல் வைத்தால் பக்கத்து வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்து அனுப்புங்கள். அவர்கள் பண்டிகைக்கு அழைத்தால் போங்கள். பொங்கல் கிண்ணம் திரும்பி வரும்போது வெறுங் கிண்ணமாக வராது.

இங்கே இருக்கும் தாய்மார்களே! பிள்ளை அந்த ஊரோடு ஒட்டி விட்டான் என்று கேட்டால் அழாதீர்கள். ஒட்டாமல் தனித்துக் கிடப்பதுதான் கஷ்டம். பணம் வந்ததா என்று கேட்கும்போது, "பக்கத்து வீட்டில் யார் இருக்காங்கய்யா?" என்றும் கேளுங்கள். அதற்கு அவன் சொல்லும் பதிலில் அவன் நிம்மதி தெரிந்து விடும்.

நம் ஊருக்கு வந்தவர்கள்

இது வரை சொன்னது நம் பிள்ளைகளுக்கு. இனி நமக்கு.

இன்று தூத்துக்குடியிலும், சுற்றுப்புறங்களிலும் வேறு மொழி பேசும் இளைஞர்களைப் பார்க்கிறோம். பீகார், ஒடிசா, ஜார்கண்ட் மாநிலங்களில் இருந்து வந்தவர்கள். கட்டடம் கட்டுகிறார்கள். ஓட்டலில் தட்டுக் கழுவுகிறார்கள். மூட்டை தூக்குகிறார்கள். இரவில் ஓர் ஓரமாக உட்கார்ந்து செல்போனில் பேசுகிறார்கள். அந்தப் பக்கம் இருந்தும் ஒரு தாய், "சாப்பிட்டாயா? எப்போது வருகிறாய்?" என்றுதான் கேட்கிறாள். மொழிதான் வேறு.

அவர்களுக்குத் தமிழ் தெரியவில்லை என்று சிரிக்கிறோம். நாம் அவர்களுக்கு எத்தனை தமிழ்ச் சொல் சொல்லிக் கொடுத்தோம்? தீபாவளி கழிந்த ஆறாம் நாள் அவர்கள் ஆற்றங்கரையில் சூரியனைக் கும்பிடுவார்கள். சூரியனுக்குப் பொங்கல் வைக்கும் நமக்கு அது புரியாத பூசையா?

அவர்களுக்கும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கிடைக்கிறதா? கூலி சரியாகக் கிடைக்கிறதா? தங்க நல்ல இடம் இருக்கிறதா? 1908ல் வெள்ளைக்கார முதலாளியிடம் நாம் கேட்ட கேள்விகள் இவை. இன்று நம் ஊர் முதலாளியிடம், நம்மிடம் நாமே கேட்க வேண்டிய கேள்விகளும் இவைதான். வ. உ. சி. பிறந்த சீமையில் இதைக் கேட்கத் தயங்கலாமா?

கரியும் உப்பும்

கடைசியில் சொல்கிறோம் என்ற வழக்கம் இதுதான்.

ஸ்காட்லாந்தில் புத்தாண்டு இரவு பன்னிரண்டு மணி அடித்ததும், அடுத்தவர் வீட்டுக்குப் போவார்கள். அந்த வருடத்தில் வாசற்படியை முதலில் மிதிப்பவர் கருத்த முடி உள்ள ஆணாக இருந்தால் அந்த வீட்டுக்கு ராசி என்பது அவர்கள் நம்பிக்கை. அப்படிப் பார்த்தால் விளாத்திகுளத்துக்காரர்கள் எல்லோருக்கும் அங்கே நல்ல வரவேற்பு உண்டு!

வெறுங்கையோடு போகக் கூடாது. கையில் என்ன கொண்டு போவார்கள்? ஒரு துண்டு நிலக்கரி. கொஞ்சம் உப்பு. தின்பதற்கு ஒரு பலகாரம். "இந்த வருடம் உன் அடுப்பு அணையாமல் இருக்கட்டும், உன் சோற்றுக்கு ருசி இருக்கட்டும்" என்பதே அதன் பொருள்.

கரியும் உப்பும்! பனி நாட்டில் அவை பரிசுப் பொருள்கள். நமக்கோ அவை அன்றாடப் பிழைப்பு. விளாத்திகுளத்தில் கரிக்குப் பஞ்சம் இல்லை. தூத்துக்குடியில் உப்புக்குப் பஞ்சம் இல்லை.

அடுத்த வீட்டு வாசலுக்குக் கொண்டு போய்க் கொடுக்கும் மனதுக்கும் பஞ்சம் வராமல் பார்த்துக் கொண்டால் போதும். பிறந்த ஊரும் பிழைக்கும் ஊரும் ஒன்றுக்கொன்று பகை ஆகா. இரண்டும் சொந்த ஊர்தான்.